ஏழாம் மோட்டாரின் சூடு

ஏழாம் நம்பர் மோட்டார் ஜில்லென்று இருந்தது. நின்றுபோன மோட்டார் என்றால் அதில் ஒன்றுமில்லை, இது ஓடிக்கொண்டிருந்தது.

ஜிஷா வைத்த புறங்கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். ஓடுகிற மோட்டாரை இந்தத் தொழிலில் யாரும் உள்ளங்கையால் தொடுவதில்லை. எங்காவது கரண்ட் கசிந்தால் உள்ளங்கை அதையே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். புறங்கை என்றால் தானாக விலகிவிடும். காலையிலிருந்து அவள் அப்படித் தொட்டுப் பார்த்த ஆறும் நல்ல சூடு, மூன்றாவது கிட்டத்தட்ட தோசைக்கல். ஏழாவதின் இரும்பில் மட்டும் ஈரம் துளித்துளியாகப் பூத்திருந்தது, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துவைத்த பாட்டிலில் பூப்பதைப் போல.

பயப்பட ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேலை இல்லாமல் சும்மா சுற்றுகிற மோட்டார் அவ்வளவாகச் சூடாகாது, பெல்ட் கழன்றிருக்கும். குனிந்து பார்த்தாள். பெல்ட் விறைப்பாக இருந்தது. மறுமுனையில் ஃபேன் மற்ற எல்லா ஃபேனையும்விட வேகமாகச் சுற்றியது. அதன் தொட்டியில் பரப்பியிருந்த தேயிலைக் கொழுந்தும் மற்றத் தொட்டிகளைவிட நன்றாக வாடியிருந்தது.

பூப்பாறைக்கு மேலே, பாதி நாள் மேகத்துக்குள் காணாமல் போய்விடும் ஒரு தேயிலை ஃபேக்டரி அது. கொழுந்து வாட்டும் மாடியில் எட்டு நீளத் தொட்டிகள், தொட்டிக்கு ஒரு ஃபேன், ஃபேனுக்கு ஒரு மோட்டார். ஆடி மழைக்கு ஜன்னல்களை இறுக்கி மூடியிருந்தும் இடுக்குகள் வழியே மூடுபனியாய் மஞ்சு உள்ளே புகுந்து, தொட்டிகளின் மேல் தவழ்ந்து, பச்சை இலை மெல்லப் பழமாகும் அந்தப் புளித்த வாசனையோடு கலந்து, மூக்கிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்துக்கே குழல்விளக்குகள் எரிந்தன. எட்டு ஃபேன்களின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்காது; பழகியவர்கள் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள்.

மோட்டார் கம்பியிலிருந்து இழுக்கும் கரண்டில் ஒரு பங்கு வேலையாகும், மிச்சம் சூடாகவும் சத்தமாகவும் நடுக்கமாகவும் வீணாகும். மோட்டாரில் பழுது இருந்தால் அந்த வீண் கூடும். மோட்டாரை நிறுத்தாமல், கழற்றாமல், ஓடும்போதே எவ்வளவு வீணாகிறது என்று அளந்து மதிப்புச் சொல்வதுதான் ஜிஷாவின் வேலை. எர்ணாகுளத்தில் ஒரு சின்னக் கம்பெனி அவளை இதற்காக ஊர் ஊராக அனுப்பும். ஆனால் இந்த ஃபேக்டரியை அவளேதான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். அவள் பிறந்தது கீழே தெரியும் தொழிலாளர் லயத்தில். இங்கே ஃபிட்டராக இருப்பவன் அவள் அண்ணன் சுவக்கீன். மாதக்கணக்கில் அவன் போனை எடுக்கவில்லை. எப்போது கூப்பிட்டாலும் மதினி ரோசி எடுத்து, அவரு ஃபேக்டரியில இருக்காரு என்று ஒரே பதிலைச் சொன்னாள். அவனுக்கு உடம்புக்கு ஏதோ என்று அவளுக்குப் பட்டது. அளக்கும் வேலையை முடித்துவிட்டு, அவனைக் கையோடு எர்ணாகுளம் கூட்டிப்போய் ஒரு நல்ல டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். அவள் வந்தது அதற்குத்தான்.

காலையில் ஃபேக்டரி வாசலில் அவனைப் பார்த்தாள். இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேலே கம்பளி, தலையில் குரங்குக் குல்லா. முகம் மட்டும் வெளியே தெரிந்தது, அதுவும் சாம்பல் பூசினது போல. வந்துட்டியா என்று உதட்டை அசைத்துச் சிரித்தான். அவள் கையைப் பிடிக்கப் போனபோது ஒரு எட்டு பின்னால் போய், திரும்பி, மாடிப்படி ஏறிவிட்டான்.

இப்போது அவன் எங்கே என்று தெரியவில்லை. ஏழாம் மோட்டாருக்குப் பின்னால், சுவரை ஒட்டின சந்தில், ஒரு சாக்கு விரித்திருந்தது. அதில் ஆள் உட்கார்ந்து எழுந்த பள்ளம் தெரிந்தது.

அந்தச் சாக்கில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மழை மாதங்களில் கொழுந்து பரப்பும் பெண்கள் மோட்டாரை நம்பித்தான் இருப்பார்கள். ஆளுக்கு ஒரு மோட்டார் சொந்தம் மாதிரி. நனைந்த கம்பளியை அதன்மேல் காயப்போடுவார்கள், முதுகைச் சாய்த்து உட்கார்ந்து பால் ஊற்றாத கட்டஞ்சாயா குடிப்பார்கள். மோட்டாருக்குள் சூடு ஏறுகிறதென்றால் அங்கே ஏதோ கெட்டுக்கொண்டிருக்கிறது என்று ஜிஷா சொன்னால், கெடட்டும், குளிருக்கு நல்லா இருக்கு என்று சிரிப்பார்கள். இன்றும் மற்ற ஏழு மோட்டார்களின் மேல் ஏதாவது துணி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஏழாம் நம்பரின் மேல் ஒன்றுமே இல்லை.

அவள் வேலையைத் தொடங்கினாள். கம்பியில் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டினாள். வேகத்தை அளந்தாள். தொட்டிக்குள் போகும் காற்றை அளந்தாள். கணக்கைப் போட்டுப் பார்த்தாள், மீட்டரைச் சந்தேகப்பட்டாள், ஆறாம் நம்பரில் மாட்டிச் சரிபார்த்தாள், மறுபடி ஏழுக்கு வந்தாள். கரண்டின் ஓட்டத்தில் சீரான ஒரு ஏற்ற இறக்கம் இருந்தது, உள்ளே சுழலும் ரோட்டாரில் கம்பிகள் உடைந்த மோட்டாரில் வருவது போல. அப்படிப்பட்ட மோட்டார் கொதிக்க வேண்டும். வீணாவது மலைபோல் ஏற வேண்டும்.

வீணானது கழித்தல் குறியோடு வந்தது.

மோட்டார் எடுப்பதைவிட அதிகமாகக் கொடுக்கிறது. அப்படி ஒரு மோட்டார் உலகத்தில் கிடையாது. பாக்கி எங்கிருந்தோ வந்தாக வேண்டும்.

நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து, அதன் நுனியை பேரிங் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினாள். பேரிங்கின் நலத்தை இப்படித்தான் கேட்பார்கள். இரைச்சலெல்லாம் விலகி உள்ளே நடப்பது மட்டும் மண்டையில் வந்து பேசும். தேய்ந்த பேரிங் உறுமும், எண்ணெய் வறண்டது கீச்சிடும். இது இரண்டும் செய்யவில்லை. இழுத்தது. நிறுத்தியது. விட்டது. விடும்போது கடைசியில் மெல்லிசாக ஒரு விசில்.

அந்த விசில் அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் ஒரே கம்பளிக்குள் படுத்து, மழைக்காலம் முழுக்கக் கேட்டது. சுவக்கீனுக்கு வீசிங் உண்டு. இந்த விசில் கேட்டுக்கொண்டிருந்தால்தான் அவளுக்குத் தூக்கமே வரும்.

ஸ்க்ரூடிரைவர் கைதவறி விழுந்தது. அதை எடுக்காமலே படியிறங்கினாள்.

கீழே மேனேஜர் கோபிநாத் அவளுக்குச் சாயா வரவழைத்தார். நல்ல மனிதர், பாலக்காட்டுக்காரர், தமிழையும் மலையாளத்தையும் ஒரே வாயில் போட்டு மெல்லுவார். ஏழாம் நம்பர் மோட்டாரைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். போன மழையில் அது எரிந்துபோனதாம். புதுசு வாங்க மேலிடம் ஒத்துக்கொள்ளவில்லை. சுவக்கீன்தான் பழைய கம்பிகளை வைத்துத் தானே சுற்றி ஓட்டிவிட்டானாம். எட்டையும் அவனை வைத்தே அப்படிச் செய்துவிடலாம் என்று இருக்கிறாராம். ஜிஷா அண்ணனுக்கு லீவு கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். லீவு கொடுக்கலாம், ஆனால் லீவு நீண்டால் பேரை வெட்டிவிடுவார்கள்; வேலையில் வீட்டு ஆள் ஒருவராவது பேர் பதிந்து இருந்தால்தான் லயத்து வீடு என்பது அவளுக்குத் தெரியாததா. ரோசியோ நிரந்தரமில்லாத வெறும் கூலிப்பட்டியல். இதையெல்லாம் அவர் சங்கடத்தோடுதான் சொன்னார்.

"பின்னே, இன்னொரு காரியம் உண்டு," என்றார் கடைசியில். "சுவக்கீன் பக்கத்தில இல்லாட்டா அந்த மோட்டார் ஓடாது, ஜிஷா. நான் நோக்கியாச்சு."

ஜிஷா சாயா கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவி பறக்கும் கண்ணாடி கிளாஸ், வலது புறங்கை அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, சூடு தெரியவில்லை. இடது கையால் தொட்டாள். சுட்டது. வலது புறங்கையை மறுபடி வைத்து அழுத்தினாள். அங்கே ஒன்றுமே இல்லை. காலையில் அந்த இரும்பைத் தொட்ட இடம் அது.

மேலே வந்தபோது பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்; சாயங்காலக் கொழுந்து வண்டி வருவதற்கு முந்தின இடைவெளி. மாடி காலியாக இருந்தது. மஞ்சு இப்போது முட்டி உயரத்துக்கு வந்திருந்தது. எட்டு ஃபேன்கள் இரைந்தன. சாக்கின் மேல் சுவக்கீன் உட்கார்ந்திருந்தான், கால்களை நீட்டி, முதுகை ஏழாம் மோட்டாரின் மேல் முழுக்கச் சாய்த்து.

அவள் அவன் முன்னால் மண்டியிட்டாள். நாளைக்குக் காலை வண்டிக்குத் தன்னோடு கிளம்ப வேண்டும் என்று காதருகில் கத்தினாள். அவன் அவள் முகத்தை வாஞ்சையோடு பார்த்தான்.

"இத விட்டுட்டு எங்குட்டும்மா வர்றது," என்றான். "நான் சுத்துன மோட்டாரு. மொத நாளு ஓடவே மாட்டேன்னுச்சு. குளுரு தாங்காம முதுகைக் குடுத்து உக்காந்தேன். ஓடிருச்சு."

அவன் குரல் முன்னாலிருந்து வந்த மாதிரி இல்லை. அவள் அவன் மார்பைப் பார்த்தாள். கம்பளி ஏறி இறங்கியது. விசில் அங்கே இல்லை.

பையிலிருந்து வெப்பம் அளக்கும் கருவியை எடுத்தாள். கொரோனாக் காலத்தில் ஃபேக்டரி வாசலில் தினமும் நீட்டியது போன்றதுதான். அவன் பழக்கத்தில் குல்லாவை மேலே தள்ளி நெற்றியைக் காட்டினான், சிரித்துக்கொண்டே. பதினாறு. அவள் சுவரின் மேல் நீட்டினாள். பதினாறு. கருவி கெட்டுவிட்டது என்று தன் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். அது முப்பத்தாறு காட்டியது. மறுபடி அவன் நெற்றி. பதினாறு.

"அண்ணே," என்றாள். அவளுக்கு அழுகை வந்தது. "அண்ணே, எந்திரி."

அப்போது கரண்ட் போனது.

மழைக்காலத்தில் இங்கே இது தினமும் நடப்பதுதான். குழல்விளக்குகள் அணைந்தன. எட்டாம் ஃபேன் மூச்சை விட்டது. மூன்றாவது, ஒன்றாவது, ஐந்தாவது, ஒவ்வொன்றாக வேகம் குறைந்து, பெல்ட்கள் முனகி, நின்றன. அவள் அந்த மாடியில் இவ்வளவு அமைதியைக் கேட்டதில்லை. கூரைத்தகரத்தில் மழை கேட்டது. எங்கோ தொட்டியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

ஏழாவது நிற்கவில்லை.

சீராக ஓடியது. இழுத்து. நிறுத்தி. விட்டு. விசில்.

போனின் வெளிச்சத்தை அடித்தாள். சுவக்கீனின் கண் திறந்தே இருந்தது. உதடு அசையவில்லை. கருவியை மோட்டாரின் மேல் நீட்டினாள், எண் நிலைக்க நேரமானது. முப்பத்தேழு.

இரும்பில் பூத்திருந்த ஈரமெல்லாம் காய்ந்துபோயிருந்தது.

அவள் அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். எடையே இல்லை, கம்பளிக்குள் கம்பளிதான் இருந்தது என்று சொல்லிவிடலாம். அவன் முதுகு இரும்பைவிட்டு விலகும்போது துணி கிழிவது போல ஒரு சத்தம். அவன் தலை தொங்கியது.

"இழுக்காத ஜிஷா."

படிவாசலில் ரோசி நின்றாள், ஒரு கையில் ஃப்ளாஸ்க், மறு கையில் மடித்த கம்பளி. ஓடி வரவில்லை. நடந்து வந்து, ஜிஷாவின் கைகளைப் பிரித்துவிட்டு, அவனை மறுபடி மோட்டாரின் மேல் சாய்த்து வைத்தாள், தூங்குகிற பிள்ளையைத் தோளில் போடுகிற பக்குவத்தோடு. அவன் தலை நிமிர்ந்தது. கண் சிமிட்டியது.

"ஈஸ்டர் பூசைக்கு வம்பா கூட்டிட்டுப் போனேன்," என்றாள் ரோசி. "கோயில் வாசல்லயே மூச்சு நின்னுபோச்சு. ஆஸ்பத்திரிக்குன்னு ஜீப்புல போட்டுட்டுக் கெளம்புனோம். ஃபேக்டரி வளைவு வரும்போது கைவெரல் அசையுது. எனக்குப் புரிஞ்சுபோச்சு. தூக்கிட்டு வந்து இதுல சாத்தி வச்சேன். எந்திரிச்சுத் தண்ணி கேட்டாரு."

ஜிஷா மறுபடி அண்ணனின் தோளுக்குக் கை நீட்டினாள்.

"கரண்டு இல்லாதப்ப இழுத்தா இது நிக்காது. அவருதான் நிப்பாரு," என்றாள் ரோசி. "நீ இது கெட்டுப்போச்சுன்னு எழுதுனா கழட்டிருவாங்க. நல்லா இருக்குன்னு எழுது. புள்ளைக ரெண்டும் கம்பம் ஹாஸ்டல்ல தங்கிப் படிக்குதுங்க. அதுகளுக்கு வர்றதுக்கு ஒரு வீடு வேணும், ஒரு அப்பன் வேணும்."

அவள் அதைக் கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. ஃப்ளாஸ்க் மூடியில் சாயாவை ஊற்றி அவன் உதட்டில் வைத்தாள். அது வழிந்து ஸ்வெட்டரில் இறங்கியது. இரும்பின் மறுபக்கம் போய், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தன் முதுகையும் சாய்த்து உட்கார்ந்தாள். தினமும் செய்கிறவளின் பழக்கம் அதில் தெரிந்தது. இவளையும் அளக்க வேண்டும் என்று ஜிஷா நினைத்தாள். அளக்கத் துணியவில்லை.

விளக்கு ஒன்று மினுங்கியது.

குழல்விளக்கு, இரண்டு முனையும் சிவந்து, துடித்து, எரிந்தது. அடுத்தது. எட்டாம் ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி யோசித்தது. பிறகு ஓடியது. ஐந்தாவது. ஒன்றாவது. பெல்ட்கள் கீச்சிட்டன. அப்பாடா என்றிருந்தது ஜிஷாவுக்கு. கரண்ட் வந்துவிட்டது. இனி இது கம்பியிலிருந்து இழுக்கும். அண்ணனை விட்டுவிடும்.

ஜன்னலுக்கு ஓடிப்போய்க் கண்ணாடியைத் துடைத்தாள். மஞ்சு விலகின இடைவெளியில் கீழே லயம் தெரிந்தது. வரிசை வரிசையாக வீடுகள். ஒரு வீட்டிலும் விளக்கு இல்லை. மேனேஜர் பங்களாவில் இல்லை. சர்ச் சிலுவையில் இல்லை. பூப்பாறை ரோடு முழுக்க இருட்டு.

ஃபேக்டரியில் மட்டும் எல்லாம் எரிந்தது.

திரும்பி வந்தாள். ஏழாம் நம்பர் கம்பியில் மாட்டியிருந்த கிளாம்ப் மீட்டரைப் பார்த்தாள். எண் ஏறிக்கொண்டிருந்தது. கழித்தல் குறியோடு. மோட்டார் கம்பியிலிருந்து எடுக்கவில்லை. கம்பிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. எட்டு ஃபேன்களையும், விளக்குகளையும், கீழே அரைக்கும் மெஷின்களையும் அது ஒன்றே ஓட்டியது.

சுவக்கீனின் மேல் கருவியை நீட்டினாள். பதினான்கு. பன்னிரண்டு. ரோசியின் தலை தன் தோளின் மேலேயே மெல்லச் சாய்ந்தது. பத்து.

விசில் மெலிந்துகொண்டே வந்தது. இழுத்து. வெகுநேரம் நிறுத்தி.

விடவில்லை.

ஓடிப்போக வேண்டும். மெயின் சுவிட்சை இறக்க வேண்டும். எதை இறக்கினாலும் அவனுக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்த கணக்கு ஒன்றுதான் மிச்சமிருந்தது. சுமையைப் பங்கு போட்டால் ஒருவர்மேல் விழுவது குறையும்.

ஜிஷா சாக்கில் உட்கார்ந்தாள். அண்ணனின் பக்கத்தில், சின்ன வயதில் படுத்த மாதிரியே, தோளோடு தோள் ஒட்டி. ஒரு நிமிடம், அவன் மூச்சு திரும்பும்வரை. முதுகைச் சாய்த்தாள்.

இதமாக இருந்தது. அதுதான் அவளை நடுங்க வைத்தது. வீட்டுக் கம்பளியின் இதம். விசில் திரும்பி வந்தது. இழுத்து, நிறுத்தி, விட்டு. அதோடு இன்னொரு மூச்சும் சேர்ந்து ஓடியது. அது யாருடையது என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரமானது. தன் மார்பைக் குனிந்து பார்த்தாள்.

எழுந்திருக்க நினைத்தாள். கால் நினைக்கவில்லை.

கீழே கொழுந்து வண்டி வந்து நிற்கும் சத்தம். கரண்டு வந்திருச்சு என்று யாரோ நிம்மதியாகக் கூவினார்கள். படியில் ஈரக்கால்கள் ஏறி வந்தன. பெண்கள் கொழுந்துக் கூடைகளை இறக்கினார்கள், சிரித்தார்கள், ஏழாம் தொட்டிக்குப் பின்னால் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஜிஷா கத்தினாள். கத்தியது ஃபேனின் இரைச்சலில் ஒரு இழை கூடியது போல் ஆனது.

கொழுந்து வாசனை குளிர்ந்து வந்தது. தொட்டிகளுக்கு நடுவே ஒரு பெண், நனைந்த கம்பளியை உதறிக்கொண்டு, எட்டாம் நம்பர் மோட்டாரிடம் வந்தாள். காயப்போடுவதற்கு முன்னால், சூடு இருக்கிறதா என்று புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.